பைக் ஏர் சஸ்பென்ஷனில் காற்று இறங்குகிறதா? ஃபிட்டிங் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும் வழி

ராத்திரி நிறுத்தும்போது நிமிர்ந்து நின்ற வண்டி, காலையில் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. பம்ப்பைப் போட்டால் மறுபடி எழுந்துவிடுகிறது. இதைப் பார்த்ததும் "ஷாக் போச்சு" என்று முடிவுகட்டி, ஜோடிக்குப் பல ஆயிரம் கொடுத்துப் புது ஷாக் வாங்கிவிடாதீர்கள். இப்படி வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஷாக் நன்றாகத்தான் இருக்கும். காற்று போவது டியூபை இணைக்கும் சில பத்து ரூபாய் ஃபிட்டிங்கிலோ, கோணலாக வெட்டிய டியூப் முனையிலோ, பொருந்தாத மரையிலோதான்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் க்ரூஸர் வண்டிகளுக்கும் புல்லட்டுகளுக்கும் வெளியிலிருந்து ஏர் சஸ்பென்ஷன் கிட் வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த வேலை தெரிந்த பைக் மெக்கானிக் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. எனவே நீங்களே செய்கிற அளவுக்கு வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஸ்பானர் நான்காவது படிக்குப் பிறகுதான்.

1. உண்மையிலேயே கசிவுதானா?

காற்று குளிர்ந்தால் அழுத்தம் தானாகக் குறையும். மதியம் 38 டிகிரியில் 100 பிஎஸ்ஐ காட்டிய ஷாக், விடியற்காலை 26 டிகிரியில் ஒரு துளி காற்றுகூட வெளியேறாமலே 95, 96 பிஎஸ்ஐ காட்டும். நம் ஊர்க் கோடையில் இந்த வித்தியாசம் சாதாரணம். மதியம் அளந்து மறுநாள் காலை ஒப்பிட்டால் இல்லாத கசிவைத் தேட வேண்டியிருக்கும். காலை 6 மணிக்கு ஒருமுறை, மறுநாள் காலை 6 மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

இன்னொரு ஏமாற்று: அளக்கும்போதே காற்று போய்விடும். ஷாக்குக்குள் இருக்கும் காற்று டயரில் இருப்பதைவிட மிக மிகக் குறைவு. கேஜை வைக்கும்போது வரும் அந்த 'புஸ்' சத்தத்திலேயே சில பிஎஸ்ஐ குறைந்துவிடும். நாலு தடவை அளந்தால் நாலு தடவையும் குறையும். அதைக் கசிவு என்று நினைக்கிறவர்கள் நிறைய. வண்டியிலேயே கேஜ் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் கேஜோடு வரும் ஷாக் பம்ப்பை மாட்டி அப்படியே விட்டுப் பாருங்கள்.

பெட்ரோல் பங்க் காற்றை மட்டும் இதில் பிடிக்காதீர்கள். அந்த வேகத்துக்கு இந்தச் சின்னக் கொள்ளளவு கண் இமைக்கும் முன் அளவைத் தாண்டிவிடும். நல்லபடியாக இருந்த சீல் அன்றைக்கே கிழியும்.

2. எந்தப் பக்கம் என்று பிரியுங்கள்

இரண்டு ஷாக்கும் சேர்ந்து இறங்கினால் பொதுவான பகுதியில் கோளாறு: லைன் இரண்டாகப் பிரியும் டீ ஃபிட்டிங், காற்றை வெளியேற்றும் மின் வால்வான சோலனாய்டு, பம்ப்புக்குப் பக்கத்தில் உள்ள ஒருவழி வால்வு. இரண்டுக்கும் தனித்தனி லைன் இருந்து ஒரு பக்கம் மட்டும் இறங்கினால், அந்த லைனிலோ அதன் முனைகளிலோ இருக்கிறது. பம்ப்பே இல்லாமல் வால்வு வழியாகக் காற்றடிக்கிற வகை என்றால் முதல் சந்தேகம் வால்வுக்குள் திருகியிருக்கும் 'பின்' மேல்.

நின்றால் இறங்காமல் ஓட்டினால் மட்டும் இறங்குகிறதா? டியூப் எங்கோ இழுபடுகிறது, அல்லது ஃபிட்டிங் வாயிலேயே வளைகிறது. இதை நின்ற வண்டியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து எழுந்து வண்டியை அமுக்க, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும்.

3. சோப்புத் தண்ணீர்

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, ஸ்ப்ரே பாட்டிலில். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில் சோப்புக் கட்டி கரைத்தால் நுரை நிற்காது. கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம். அதில் அம்மோனியா இருந்தால் பித்தளை ஃபிட்டிங்கில் நாளடைவில் விரிசல் விடும்.

வண்டியை நிழலில், என்ஜின் ஆறிய பிறகு நிறுத்துங்கள். முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அங்கே இந்த வேலை வேண்டாம். சோப்பும் சங்கிலி எண்ணெயும் கலந்து கல்லில் இறங்கினால் ஆச்சியிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஓட்டும் அழுத்தத்தில் தெளித்துப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நிமிடம் பொறுங்கள். பெரிய கசிவு உடனே கொப்பளிக்கும். ராத்திரி முழுக்க இறங்குகிற சின்னக் கசிவோ மெல்ல வெள்ளை நுரையாக, கடுகளவு குமிழிகளாகச் சேரும். அவசரப்பட்டால் இதுதான் தப்பிவிடும். பிறகு காற்றைக் குறைத்து 20, 30 பிஎஸ்ஐயில் இன்னொரு முறை தெளியுங்கள். சொருகினாலே டியூபைப் பிடிக்கும் புஷ் ஃபிட்டிங்குக்குள் ஓரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும். அது அழுத்தம் கூடக் கூட நன்றாக அடைக்கும், குறைந்தால் தளரும். அதனால் சில கசிவுகள் குறைந்த அழுத்தத்தில்தான் முகம் காட்டும்.

குமிழி எங்கே வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. டியூப் நுழையும் வாயில் வந்தால் டியூப் கோளாறு, 5-ஆம் படி. ஃபிட்டிங் உலோகத்தில் இறங்கும் இடத்தில் வந்தால் மரைக் கோளாறு, 6-ஆம் படி. சோலனாய்டின் வெளியேற்றும் துளையில் வந்தால் 7-ஆம் படி. ஷாக் தண்டைச் சுற்றியோ ரப்பர் பையின் மடிப்பிலோ வந்தால் கழற்ற முனையாதீர்கள். அது வீட்டு வேலை இல்லை.

4. கழற்றும் முன்

குமிழி வருவதை வீடியோ எடுங்கள். ஷாக்கிலோ பம்ப்பிலோ உள்ள வரிசை எண்ணும் அதே வீடியோவில் தெரியட்டும். வாரண்டி கேட்கப் போனால் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கழற்றிய பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை.

பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். காற்று இறங்கினால் பின்பக்கம் தடாலென்று உட்காரும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபிரேமுக்கு அடியில் கட்டை கொடுங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை விட்டபடி காற்றை இறக்கினால் விரல் நசுங்கும். முழுக்க இறங்கி கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகே டியூபைத் தொடுங்கள். காற்றுள்ள டியூப் கழன்றால் சாட்டையாகச் சுழன்று முகத்தில் அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

5. டியூப் முனை

புஷ் ஃபிட்டிங்கில் இரண்டு வேலைக்காரர்கள். முன்னால் உள்ள எஃகுப் பற்கள் டியூபைப் பிடிக்கும். பின்னால் உள்ள ஓரிங் காற்றை அடைக்கும். டியூப் பற்களைத் தாண்டி, ஓரிங்கையும் தாண்டி, அடி வரை போக வேண்டும். பற்களில் மட்டும் மாட்டி நின்றால் இழுத்தால் வராது, ஆனால் காற்று போய்க்கொண்டே இருக்கும். "இழுத்துப் பார்த்தேன், டைட்டாத்தான் இருக்கு" என்கிற வண்டிகளில் பாதி இதுதான்.

கழற்றும்போது ஃபிட்டிங்கின் வெளிவளையத்தைச் சுற்றிலும் சமமாக உள்ளே அமுக்கிக்கொண்டு டியூபை இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் அமுக்கினால் மறுபக்கப் பற்கள் டியூபைக் கீறிவிடும். கழற்றிய முனையைத் திரும்ப அப்படியே சொருகாதீர்கள். பல் பதிந்த கோடு வழியாகத்தான் காற்று வரும். 10 முதல் 15 மி.மீ. வெட்டிவிட்டுப் புது முனையைச் சொருகுங்கள்.

வெட்டுவதற்குக் கட்டிங் பிளேயர் கூடாது, அது டியூபை நசுக்கி முட்டை வடிவமாக்கும். டியூப் கட்டர் வாங்குங்கள், அல்லது புது பிளேடால் ஒரே வெட்டாக, நேராக வெட்டுங்கள். வெட்டிய துண்டு ஒன்றை ஃபிட்டிங்கில் அடி வரை அமுக்கி, வாயில் பேனாவால் கோடு போட்டு எடுங்கள். அந்த நீளத்தை நல்ல டியூபில் குறித்துக்கொண்டு, கோடு மறையும்வரை சொருகுங்கள். 6 மி.மீ. டியூபுக்கு இது பெரும்பாலும் 15 மி.மீ.க்கு மேல் வரும். கோடு வெளியே தெரிந்தால் இன்னும் ஓரிங்கைத் தாண்டவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, நம் ஊரில் அதிகம் பேர் விழுகிற பள்ளம். அமெரிக்கக் கிட்டில் வருவது கால் அங்குல டியூப், அதாவது 6.35 மி.மீ. இங்கே கடையில் கேட்டால் கொடுப்பது 6 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கால் அங்குல ஃபிட்டிங்கில் 6 மி.மீ. டியூபைச் சொருகினால் போகும், பிடித்த மாதிரியும் இருக்கும், ஓரிங் மட்டும் ஒட்டாது. சில நாள் தாங்கிவிட்டு ஒரு பள்ளத்தில் கழன்றும் போகலாம். வெர்னியரால் அளந்துவிட்டு வாங்குங்கள். இன்னொரு அளவான 5/32 அங்குலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது 3.97 மி.மீ., 4 மி.மீ. டியூப் அதில் பொருந்தும்.

டியூபின் வகையும் முக்கியம். கடையில் நீலமாகச் சுருட்டி வைத்திருப்பது பியூ (பாலியூரித்தேன்) டியூப். நன்றாக வளையும், ஆனால் 60 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும். சைலன்ஸர் பக்கம் போகும் லைனுக்கு நைலான் டியூப் போடுங்கள். எந்த டியூபாக இருந்தாலும் சைலன்ஸரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளிப் போகட்டும்.

ஃபிட்டிங்கிலிருந்து வெளிவந்த முதல் 25 மி.மீ. நேராக இருக்க வேண்டும். அங்கேயே வளைத்தால் ஓரிங்கின் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் இடைவெளி விழும். வளைக்க வேண்டிய இடமென்றால் எல்போ ஃபிட்டிங் போடுங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த அசைவு டியூபின் நடுவில் விழுமாறு கொஞ்சம் தொய்வு விட்டு ஃபிரேமில் கேபிள் டை போடுங்கள். டையை டியூப் நசுங்கும் அளவுக்கு இழுக்காதீர்கள். அடுத்த முறை வெட்டுவதற்கு ஐந்து, ஆறு செ.மீ. மிச்சமும் இந்தத் தொய்வில் இருக்கட்டும்.

செம்மண் புழுதி ஊர் இது. சொருகும் முன் டியூபின் முனையைச் சுத்தத் துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் ஓரிங்கில் மாட்டினால் மேலே சொன்ன அத்தனையும் வீண்.

6. மரை

இங்கே கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிஎஸ்பி மரை, அதாவது பிரிட்டிஷ் குழாய் மரை. அமெரிக்கக் கிட்டில் இருப்பது என்பிடி மரை, அதாவது அமெரிக்கக் குழாய் மரை. பெயர் இரண்டிலும் "1/8" என்றுதான் இருக்கும். பிஎஸ்பி 1/8-இல் அங்குலத்துக்கு 28 மரை, என்பிடியில் 27. விட்டம் முன்னதில் 9.7 மி.மீ., பின்னதில் 10.3 மி.மீ. அருகில். மரையின் கோணமும் வேறு: ஒன்று 55 டிகிரி, மற்றது 60. அதனால் ஒன்றை ஒன்றில் முடுக்கினால் மூன்று நாலு சுற்று சுகமாகப் போய், பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள். காற்று மரைச் சுழல் வழியாக ஏறி வெளியே வந்துகொண்டிருக்கும். இன்னும் முடுக்கினால் ஷாக்கின் அலுமினிய உடலில் மரை போகும், சில சமயம் உடலிலேயே விரிசல் விடும். டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் இது தீராது.

கடையில் "பிசி 6-01" என்று எழுதியிருந்தால் 6 மி.மீ. டியூப், 1/8 பிஎஸ்பி மரை. "02" என்றால் கால் அங்குல மரை. என்பிடி மரைக்கு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய ஃபிட்டிங்கைக் கையில் கொண்டுபோய், மரையோடு மரையை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பொருந்தினால் இடையில் வெளிச்சம் தெரியாது. மரை கேஜ் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

மரை சரிதான், அடைப்பு மட்டும் போயிருக்கிறது என்றால்: ஃபிட்டிங்கைக் கழற்றி, பழைய டேப்பை ஒரு நூலும் மிச்சமில்லாமல் எடுங்கள். உள் மரையையும் பல் விளக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். டெஃப்லான் டேப் என்றால் முனையில் முதல் மரையை விட்டுவிட்டு, முடுக்கும் திசையிலேயே இரண்டரை, மூன்று சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது சுருண்டு வெளியே வரும். முதல் மரையை மூடினால் கிழிந்த துணுக்கு உள்ளே விழுந்து சோலனாய்டில் போய் உட்காரும். ஒரு கசிவை அடைக்கப்போய் இன்னொரு கசிவை வாங்குகிற வழி இதுதான்.

உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் என் தேர்வு திரவச் சீலன்ட்தான். லாக்டைட் 545, 567 போன்றவை. துணுக்கு விழாது, அதிர்வுக்கு இளகாது. முதல் மரையை விட்டு அடுத்த மூன்று நாலு மரையில் ஒரு வளையமாகத் தடவினால் போதும். முழு வலு வர 24 மணி நேரம் விடுங்கள். ஆனால் பிளாஸ்டிக் உடலுள்ள ஃபிட்டிங்கின் பிளாஸ்டிக் பகுதியில் இது படக்கூடாது. சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விடும். அங்கே டேப்தான்.

முடுக்கும் அளவு: கையால் இறுகும்வரை, பிறகு ஸ்பானரில் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. எல்போவின் வாய் வேறு திசையைப் பார்த்து நின்றால் முன்னோக்கித்தான் திருப்ப வேண்டும். ஒரு கால் சுற்று பின்னால் வந்தாலும் அடைப்பு உடைந்துவிடும். அப்படி நேர்ந்தால் கழற்றி, சுத்தம் செய்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஃபிட்டிங்கின் அடியில் ரப்பர் வளையம் இருந்து, மரை கூம்பாக இல்லாமல் நேராக இருந்தால் அதற்கு டேப்பும் வேண்டாம், சீலன்ட்டும் வேண்டாம். வளையம்தான் அடைப்பு. வளையம் பிதுங்காத அளவுக்கு முடுக்குங்கள்.

பிளம்பர் சுற்றும் நூலும் வெள்ளைப் பேஸ்ட்டும் தண்ணீர்க் குழாய்க்குச் சரி, இதற்கு ஆகாது. வெளியே எம்-சீல் அப்புவதும் அப்படித்தான். உள்ளிருந்து தள்ளும் காற்று அதைப் பெயர்த்துவிடும். மிஞ்சுவது, ஸ்பானர் பிடிக்க இடமில்லாத ஒரு ஃபிட்டிங்.

7. வால்வுகள்

சோலனாய்டின் வெளியேற்றும் துளையில் ஒரு சின்ன டியூபை மாட்டி மறுமுனையைத் தண்ணீர் டம்ளரில் விடுங்கள். சுவிட்ச் போடாமலே குமிழி வந்தால் வால்வு முழுக்க மூடவில்லை. நல்ல அழுத்தத்தில் ஐந்தாறு முறை திறந்து மூடினால் தூசி அடித்துக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். சோதனை முடிந்ததும் டம்ளரை எடுத்துவிடுங்கள்.

ஒருவழி வால்வைச் சோதிக்க, காற்றை இறக்கிவிட்டு பம்ப்பிலிருந்து அதற்கு வரும் டியூபைக் கழற்றுங்கள். பிறகு ஷாக் பக்கத்தில் கைப்பம்ப்பால் காற்றடித்து, திறந்த வாயில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். குமிழி ஊதினால் வால்வு பின்னோக்கி விடுகிறது. ஒருவழி வால்வு பம்ப்போடு சேர்ந்தே வரும் வகையில் இந்தச் சோதனை முடியாது. பம்ப்பின் காற்று இழுக்கும் துளையில் தெளித்துப் பாருங்கள்.

காற்றடிக்கும் வால்வில் இருப்பது டயர் வால்வில் உள்ள அதே 'பின்'தான். பின் திருகியால் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் மாற்றுங்கள். பஞ்சர் கடையில் சில ரூபாய். மூடியை மறக்காமல் போடுங்கள்.

8. எங்கே கேட்பது, எவ்வளவு ஆகும்

பைக் மெக்கானிக்கைவிட இந்த ஃபிட்டிங்கைத் தினமும் கையாளுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளில் கலர் சார்ட்டர் ஓடுவது காற்றில்தான். கறுத்துப்போன அரிசியை ஊதித் தள்ளும் அந்த இயந்திரத்தில் இதே பியூ டியூப், இதே புஷ் ஃபிட்டிங். ஆலையில் பராமரிப்பு பார்க்கும் அண்ணன் யாராவது தெரிந்தால் ஃபிட்டிங் எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள். நைலான் டியூபுக்கு லாரி ஏர் பிரேக் வேலை செய்கிற பட்டறை. அங்கும் இல்லாவிட்டால் மதுரை அல்லது திருச்சி நியூமேட்டிக் கடைகள். என்பிடி ஃபிட்டிங் மட்டும் அங்கேயும் உறுதியில்லை. போனில் கேட்டுவிட்டுப் போங்கள், அல்லது ஆன்லைனில் வரவழையுங்கள்.

தோராயமாக: புஷ் ஃபிட்டிங் ஒன்று 30 முதல் 100 ரூபாய், டியூப் மீட்டர் 20 முதல் 50, டெஃப்லான் டேப் 10 முதல் 30, டியூப் கட்டர் 150 முதல் 300. திரவச் சீலன்ட் சின்ன பாட்டிலே சில நூறு ரூபாய் ஆகும். மொத்தமாக ஆயிரத்துக்குள் முடியும் வேலை. ஃபிட்டிங்கை இரண்டிரண்டாக வாங்கி வையுங்கள், இன்னொரு பயணச் செலவு மிச்சம். வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைத்தால் சுங்க வரி தனி. பில்லும் அடையாள ஆவணமும் கையில் இருக்கட்டும்.

9. காகிதங்கள்

கசிவை அடைப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஆனால் கிட்டே புதிதாக மாட்டப் போகிறீர்கள் என்றால், மாட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கிட்டின் பில், வாரண்டி அட்டை, ஆர்.சி. நகல், 4-ஆம் படியில் எடுத்த வீடியோ, இவை ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

10. நேரமும் மறுசோதனையும்

தேடுவதற்கு ஒரு மணி நேரம். டியூப் முனை மட்டும் என்றால் அரை மணியில் முடியும். சீலன்ட் போட்டால் ஒரு நாள் காய விட்டு, அடுத்த நாள் காலையிலிருந்து மறுநாள் காலைவரை அழுத்தம் பார்க்க வேண்டும். ஆக மூன்று நாள் வண்டி வீட்டில் நிற்கும். பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போக வேண்டிய வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் அளந்து, 24 மணி நேரத்தில் 100-க்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைந்தால் விட்டுவிடலாம். அதைத் துரத்துவதில் பயனில்லை. அதற்கு மேல் என்றால் சோப்புத் தண்ணீரோடு மறுபடி 3-ஆம் படி, இம்முறை நீங்கள் தொட்ட இணைப்புகளை முதலில் பாருங்கள். சரியாக நின்றுவிட்டால் 500 கி.மீ. ஓடிய பிறகு டைகளையும் டியூப் சைலன்ஸரை உரசுகிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். எல்லா இணைப்பும் குமிழியில்லாமல் இருந்தும் இறங்கினால், அந்தப் பக்க ஷாக்கைத் தனியாகக் காற்றடித்து வாயை அடைத்து ஒரு ராத்திரி வையுங்கள். அதுவும் இறங்கினால்தான் ஷாக் சீல். வீடியோவையும் பில்லையும் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போகலாம்.